பாடியவர் ஸ்டான்லி, கிட்டார் தனசேகர்

"ஹெல்மெட்டைக் கழட்டாதீங்க மைதிலி. அப்படியே வண்டியைத் திருப்பிக்கினு போயிடுங்க."

கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு கஸ்தூரி அக்கா சொன்னார். குரல் உயரவில்லை. வீட்டுக் கதவை வெளியிலிருந்து சாத்திவிட்டு, கொக்கியின் மேல் ஒரு கையை வைத்திருந்தார். முந்தின நாள் மழையில் கேம்ப் ரோட்டின் சேறெல்லாம் அந்தச் சின்னத் தெருவுக்குள் வந்திருந்தது. என் செருப்பில் ஒன்று சேற்றில் மாட்டிக்கொண்டது. அதை இழுத்துக்கொண்டே நின்றேன்.

உள்ளே அவர் கணவர் தனசேகர் சார் இருந்தார். இதயத்தில் பைபாஸ் ஆபரேஷன் முடிந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அவருடைய பழைய நண்பர் ஸ்டான்லி ஆஸ்திரேலியாவில் இறந்துபோன செய்தி எனக்கும் கஸ்தூரி அக்காவுக்கும் தெரியும். அவருக்குத் தெரியாது.

அன்று சனிக்கிழமை. ஞாயிறு காலை என் நிகழ்ச்சி. அதற்குள் ஏதாவது ஒரு முடிவுக்கு வந்தாக வேண்டும்.

இரங்கல் மேடம்

இந்தத் தொடரைப் புதிதாகக் கையில் எடுத்திருப்பவர்களுக்கு என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். காட்டாங்குளத்தூர்ப் பக்கம் ஒரு கல்லூரி வளாகத்துக்குள் இருக்கும் சிறிய வானொலி நிலையத்தில், ஞாயிறு காலை ஒரு மணி நேரம் பழைய ஆங்கில பாப், ராக் பாடல்களைப் போட்டுத் தமிழில் பேசுகிறேன். இது பல வருடமாக நடக்கிறது. கேட்பவர்கள் அதிகமில்லை. ஆனால் கேட்பவர்கள் விடாமல் கேட்பார்கள்.

ஆரம்பத்தில் அது உற்சாகமான நிகழ்ச்சியாகத்தான் இருந்தது. யார் எந்தக் கிட்டாரை வாசித்தார், எந்தப் பாட்டு எந்த ஊர் கராஜில் பிறந்தது என்றெல்லாம் கதை சொல்வேன். பிறகு மெல்ல மெல்ல அது மாறியது. நாங்கள் நேசித்த பாடகர்களுக்கெல்லாம் வயதாகிவிட்டது. மாதம் தவறாமல் ஒருவர் போய்ச் சேர்ந்தார். நானும் வாரத்துக்கு வாரம் யாருக்காவது அஞ்சலி சொல்லிக்கொண்டிருந்தேன். எங்கள் நிலையத்தில் ஒலிப்பதிவைக் கவனிக்கும் பிரபா ஒருநாள் என்னை "வாங்க, இரங்கல் மேடம்" என்றாள். விளையாட்டாகத்தான் சொன்னாள். ஆனால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது.

இந்த இசைக்காரர்களின் சாவில் ஒரு விசித்திரம் உண்டு. செய்தியில் வருவது எண்பது வயதுக் கிழவரின் மரணம். ஆக்சிஜன் குழாய், சக்கர நாற்காலி, கடைசிக் காலத்தில் ஊன்றுகோலோடு எடுத்த புகைப்படம். ஆனால் நான் பொத்தானை அழுத்தியதும் பாடுவது இருபத்திரண்டு வயதுப் பையன். உலகத்தில் யாருக்கும் பயப்படாத குரல். அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டே, அவர் இனி இல்லை என்று சொல்ல வேண்டும். எத்தனை தடவை சொன்னாலும் அது எனக்குப் பழகவில்லை.

இறந்த பிறகும் உயிரோடு இருந்தவர்

தாம்பரம் சானடோரியத்தில் நாங்கள் குடியிருந்த வீட்டில் ஒரு பெரிய மரப்பெட்டி ரேடியோ இருந்தது. மாலையில் சிற்றலையில் ஏதோ ஒரு வெளிநாட்டு நிலையம் வரும், போகும். அலை அடிப்பதுபோல் பாட்டு ஏறி இறங்கும். அம்மா சமையலறையிலிருந்து, "அந்தக் கொர கொர சத்தத்துல என்னடி இருக்கு?" என்று கேட்பாள். அந்தக் கொர கொரவுக்கு நடுவில்தான் ஒரு பாடகரை நான் பிடித்துவைத்திருந்தேன். பெயர் வேண்டாம். பள்ளிக்கூட வயதில் வரும் பைத்தியம்தான்.

அவர் இறந்துபோனது எனக்குப் பல வாரம் தெரியாது. பழைய பேப்பர் கடையில் எடைக்கு வாங்கிவந்த ஓர் ஆங்கிலப் பத்திரிகையில்தான் பார்த்தேன். அதற்கிடைப்பட்ட நாட்களில் நான் அவர் பாட்டைக் கேட்டிருந்தேன். அடுத்து என்ன பாடப்போகிறாரோ என்று யோசித்திருந்தேன். பரீட்சை முடிந்ததும் அவருக்குக் கடிதம் எழுதவேண்டும் என்றுகூட முடிவு செய்திருந்தேன். உலகம் அழுது முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்ட பிறகு, நான் மட்டும் சந்தோஷமாக இருந்திருக்கிறேன்.

அந்தச் சந்தோஷத்தை யாராவது எனக்கு விட்டுவைத்தார்கள் என்று நன்றி சொல்வதா, எல்லோரையும்விடப் பிந்தி அழவைத்துவிட்டார்கள் என்று கோபப்படுவதா? எனக்கு இன்றைக்கும் புரியவில்லை. கஸ்தூரி அக்காவின் கேட்டுக்கு வெளியே நின்றபோது அதுதான் நினைவுக்கு வந்தது.

மோட்டார் ரூமில் ஒரு இசைக்குழு

தனசேகர் சாரையும் ஸ்டான்லியையும் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது.

தனசேகர் சேலையூர்க்காரர். பரம்பரையாக அங்கே நிலம் வைத்திருந்த குடும்பம். ஸ்டான்லி பல்லாவரத்து ஆங்கிலோ இந்தியர். இருவரும் மின்சார ரயிலில் சந்தித்தவர்கள். ஸ்டான்லி ஜன்னலோரம் நின்று ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தாராம். எதிரே உட்கார்ந்திருந்த தனசேகர் டிபன் டப்பாவில் விரலால் தாளம் போட்டாராம். தாம்பரம் வருவதற்குள் நட்பாகிவிட்டார்கள்.

இவர்களோடு இன்னும் மூன்று பேர் சேர்ந்து "லெவல் கிராசிங்" என்று ஒரு இசைக்குழு தொடங்கினார்கள். ஒத்திகைக்கு இடமில்லை. கடைசியில் தனசேகரின் அப்பாவுடைய வயலில், கிணற்றோரம் இருந்த பம்ப்செட் அறை கிடைத்தது. ஆம்ப்ளிஃபயருக்குக் கரண்ட் அங்கிருந்துதான். யாராவது மோட்டாரைப் போட்டால் வோல்டேஜ் இறங்கும். கிட்டார் சத்தம் முனகலாகிவிடும். பாட்டு நடுவில் நிற்கும். தண்ணீர் பாய்ச்சி முடியும்வரை ஐந்து பேரும் வரப்பில் உட்கார்ந்து பீடி குடிப்பார்களாம்.

ரயில்வே காலனியில் கிறிஸ்துமஸ் சமயத்தில் நடக்கும் நடன விழாக்களில் அவர்கள் வாசித்தார்கள். வெளிநாட்டு ராக் பாடல்கள், மெதுவான காதல் பாடல்கள். தனசேகருக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது. ரெக்கார்டைத் திரும்பத் திரும்பக் கேட்டு விரலில் ஏற்றிக்கொள்வார். ஸ்டான்லிக்குத் துணையாகப் பின்னால் பாடவேண்டிய வரிகளை, என்ன வார்த்தை என்றே தெரியாமல், காதில் விழுந்த ஓசையை வைத்துப் பாடுவார். மேடையிலேயே ஸ்டான்லி சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிக்கொள்வாராம்.

ஒருநாள் நகரத்துப் பெரிய ஓட்டல் ஒன்றில் பாடகர் தேவை என்று ஆள் வந்தது. பாடகர் மட்டும்தான். கிட்டார் வாசிக்க அவர்களிடமே ஆள் இருந்தது. ஸ்டான்லி தயங்கினார். தனசேகர், "போடா, போயிட்டு வா" என்றார். ஸ்டான்லி போனார். பிறகு கல்யாணம், மனைவியின் குடும்பத்தோடு ஆஸ்திரேலியா.

சண்டை எதுவும் இல்லை. சண்டை என்று ஒன்று இருந்திருந்தால் யாராவது நடுவில் வந்து சமாதானம் செய்து வைத்திருப்பார்கள். ஒருவருக்கொருவர் என்ன பேசுவதென்று தெரியாமலே பேச்சு நின்றுபோயிற்று. முப்பது வருடத்துக்கு மேல்.

"மோட்டார் ஓடுதா?"

சில வருடங்களுக்கு முன் நம் பகுதியின் பழைய இசைக்குழுக்களைப் பற்றி ஒரு நிகழ்ச்சி செய்தேன். கீழ்க்கட்டளையிலிருந்து ஒரு நேயர் கேசட் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். ஏதோ ஒரு கிறிஸ்துமஸ் நடன விழாவில் பதிவு செய்தது. பாட்டுக்கு நடுவே தட்டுச் சத்தம், ஒரு குழந்தையின் அழுகை, யாரோ யாரையோ "லில்லி, லில்லி" என்று கூப்பிடுவது எல்லாம் கேட்கும். அட்டையில் குழுவின் பெயர் மட்டும் இருந்தது. ஒரு பாட்டைப் போட்டேன்.

பாட்டு முடிவதற்குள் போன் வந்தது.

"மேடம், அந்தக் கிட்டாரு வாசிக்கறது நான்தான்."

அப்படித்தான் தனசேகர் சார் எனக்கு அறிமுகமானார். நிகழ்ச்சி முடிந்தும் அரை மணி நேரம் பேசினார். அந்தக் கிட்டாரை எப்போதோ விற்றுவிட்டதாகவும், நிலமெல்லாம் மனையாகி அதில் அபார்ட்மென்ட் வந்துவிட்டதாகவும் சொன்னார்.

அந்த நிகழ்ச்சியை இணையத்தில் கேட்ட யாரோ ஸ்டான்லிக்குச் சொல்லியிருக்கிறார்கள். அடுத்த ஞாயிறு அவரும் கூப்பிட்டார். நான் இருவரையும் ஒரே இணைப்பில் வைத்து ஒலிபரப்பிலேயே பேச விட்டேன். இப்போது யோசித்தால் அது துணிச்சல்தான். முப்பது வருடம் கழித்துப் பேசும் இரண்டு ஆண்கள் வானொலியில் என்ன பேசிவிடுவார்களோ?

முதலில் ஸ்டான்லியின் குரல் வந்தது. கரகரத்த, வயதான குரல்.

"தனா? என்ன மேன், மோட்டார் ஓடுதா?"

"ஆஃப் பண்ட்டாங்கடா. நீ பாடு" என்றார் தனசேகர்.

அதன் பிறகு இருவரும் வாரம் தவறவில்லை. என் நிகழ்ச்சியை அங்கே அவரும் இங்கே இவரும் கேட்பார்கள். முடிந்ததும் ஸ்டான்லி கூப்பிடுவார். நான் போட்ட பாட்டில் எவன் சரியாக வாசித்தான், எவன் சொதப்பினான் என்று இருவரும் அலசுவார்கள். ஆபரேஷனுக்கு முன்தினம்கூட ஆஸ்பத்திரிப் படுக்கையில் இருந்தபடி தனசேகர் பேசினாராம். கஸ்தூரி அக்கா என்னிடம் ஒருமுறை சொன்னார்: "எங்க வூட்ல ஞாயித்துக்கிழமைன்னா கறி இல்லாமக்கூட இருக்கும். அந்தப் போன் இல்லாம இருக்காது."

கேட்டுக்கு அந்தப் பக்கம்

ஸ்டான்லி ஒரு புதன்கிழமை இறந்தார். நுரையீரலில் நோய் இருந்ததை அவர் தனசேகரிடம் சொல்லவே இல்லை. மறுநாள் அவருடைய மகள் ஷெரில் என்னைக் கூப்பிட்டாள். தனசேகர் அங்கிளுக்கு ஆபரேஷன் ஆகியிருக்கிறது, அவரிடம் எப்படிச் சொல்வதென்று தனக்குத் தெரியவில்லை, நீங்கள் சொல்லிவிடுங்கள் என்று அழுதாள். ஞாயிறன்று அப்பாவின் பாட்டைப் போட்டு அவரைப் பற்றிப் பேசவேண்டும், தானும் அம்மாவும் கேட்டுக்கொண்டிருப்போம் என்றும் சொன்னாள்.

கஸ்தூரி அக்காவிடம் போனில் சொன்னேன். "அடுத்த மாசம் டாக்டர் கிட்டப் போகணும். அதுக்கு அப்புறம் பாத்துக்கலாம். நீங்க இந்தப் பக்கம் வராதீங்க" என்றார். ஆனாலும் சனிக்கிழமை நான் போனேன்.

"நாளைக்கு ஞாயித்துக்கிழமை அக்கா" என்றேன், ஹெல்மெட்டுக்குள்ளிருந்தே. "அவர் போன் வராது. நீங்க என்ன சொல்வீங்க?"

"வெளியூரு போயிருக்காருன்னு சொல்லிக்கிறேன்."

"அடுத்த வாரம்?"

"அடுத்த வாரத்துக்கு இன்னொண்ணு சொல்றேன். உங்களுக்கின்னா? நீங்க சொல்லிட்டுப் போயிடுவீங்க. ராத்திரி பக்கத்துல படுத்துகினு, மூச்சு வருதா வருதான்னு நெஞ்சு மேல கை வச்சுப் பாக்கறது நானு."

பாடகர்கள் இறந்த செய்தியை எத்தனையோ பேருக்கு மைக் வழியாகச் சொல்லியிருக்கிறேன். கேட்பவரின் முகத்தைப் பார்க்கவேண்டிய அவசியம் எனக்கு வந்ததே இல்லை. அவர்கள் நெஞ்சின் மேல் யார் கை வைத்துப் பார்ப்பார்கள் என்று யோசித்ததும் இல்லை.

"சரிக்கா. நாளைக்கு அந்தப் பாட்டைப் போடல. ஷெரில்கிட்ட நான் பேசிக்கறேன்" என்றேன்.

வண்டியைத் திருப்பினேன். ஸ்டார்ட் செய்யவும் செய்தேன். அப்போது கஸ்தூரி அக்கா, "இருங்க" என்றார்.

கேட்டைத் திறந்துகொண்டு வெளியே வந்தார். புடவைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"காலைலேர்ந்து போனை எடுத்து எடுத்துப் பாத்துகினு கீறாரு. ஏதோ அனுப்பினாராம், ஸ்டான்லி பாக்கவே இல்லையாம். என்கிட்ட வந்து, இவனுக்கு இன்னா கோவம்னு தெரியலையே கஸ்தூரின்றாரு. தான் ஏதோ தப்பாப் பேசிட்டதா நெனச்சுகினு கீறாரு."

நான் எஞ்சினை அணைத்தேன்.

"செத்துப்போனவரு கோச்சுக்கினாருன்னு நெனைக்க வுடறது பாவம், இல்ல?" என்று கேட்டார். என்னைக் கேட்கவில்லை, தன்னையே கேட்டுக்கொண்டார். பிறகு, "நானே சொல்றேன். நீங்க கூட நில்லுங்க, போதும்" என்றார்.

மூன்று பந்து

தனசேகர் சார் ஹாலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஆபரேஷன் ஆனவர்களுக்கு மூச்சுப் பயிற்சிக்குக் கொடுப்பார்களே, மூன்று பந்து வைத்த ஒரு கருவி. அதன் குழாயை வாயில் வைத்து இழுத்துக்கொண்டிருந்தார். இரண்டு பந்து மேலே ஏறி, மூன்றாவது அசைந்து அசைந்து கீழேயே நின்றது. என்னைப் பார்த்ததும் குழாயை எடுத்துவிட்டுச் சிரித்தார்.

"வாம்மா மைதிலி. இந்த மூணாவது பந்து ஏறவே மாட்டேங்குது பாரு."

கஸ்தூரி அக்கா அவர் கையிலிருந்து கருவியை வாங்கி டீப்பாயில் வைத்தார். எதிரே தரையில் உட்கார்ந்து அவருடைய முழங்காலில் கை வைத்தார்.

"ஸ்டான்லி போயிட்டாருங்க."

"எங்க?" என்றார் அவர்.

அவர் மனைவியின் முகத்தைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். ஹெல்மெட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சுவரோரம் நின்றேன். தெருவில் ஒரு தண்ணீர் லாரி ரிவர்ஸ் எடுக்கும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

"எப்போ?"

"புதங்கெழமை."

அவர் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். கண்ணாடி இல்லாததால் தள்ளிப் பிடித்துக்கொண்டு பார்த்தார்.

"வெசாழக்கெழமை நான் அவனுக்கு ஒரு போட்டோ அனுப்ச்சேன். இந்தப் பந்த வுட்றன் பாரு, அத. 'இப்ப பாடச் சொன்னா உன்னவிட நல்லாப் பாடுவேன்டா'ன்னு பேசியும் அனுப்ச்சேன். அதான் டிக்கு நீலமாவல."

போனை மடியில் வைத்துக்கொண்டார். அழவில்லை. கஸ்தூரி அக்கா அவர் முகத்தைப் பார்க்கவில்லை, நெஞ்சைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். சட்டை ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு தனசேகர் சார் கையை நீட்டி அந்தக் கருவியை எடுத்து, குழாயை வாயில் வைத்து இழுத்தார். ஒரு பந்துதான் எழுந்தது. விட்டார். மறுபடி இழுத்தார். நெடுநேரம் கழித்து, "டீ போடு கஸ்தூரி, மைதிலி நின்னுகினே கீது" என்றார்.

டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பும்போது கேட்டார்: "நாளைக்கு அவனைப் பத்திப் பேசுவியா?"

"நீங்க வேணாம்னா இல்ல சார்."

"நான் வரேன். நான் பேசறேன்."

கஸ்தூரி அக்கா என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத விரும்பவில்லை. ஆனால் தடுக்கவில்லை.

ஒலிபரப்பில் மௌனம்

மறுநாள் காலை காரில் அழைத்துப்போனேன். முன் சீட்டில் தனசேகர் சார். பின் சீட்டில் கஸ்தூரி அக்கா, மடியில் மாத்திரைப் பையோடு. நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரையைத் தனியாக எடுத்து உள்ளங்கையில் மூடி வைத்திருந்தார்.

எங்கள் ஸ்டுடியோ சின்ன அறை. இரண்டு பேர் உட்கார்ந்தால் மூன்றாவது ஆள் கதவில் சாய வேண்டும். கஸ்தூரி அக்கா சாய்ந்துகொண்டார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பிரபா. ஷெரிலும் அவள் அம்மா மார்ஜரியும் ஆஸ்திரேலியாவில் கேட்டுக்கொண்டிருப்பதாகச் செய்தி வந்தது.

நான் அறிமுகம் சொன்னேன். எத்தனையோ வாரங்கள் சொன்ன அதே மாதிரி வாக்கியங்கள்தான். ஸ்டான்லியின் பெயரை வைத்ததும் அவை வாயில் ஒட்டவில்லை. பாதியில் நிறுத்திவிட்டு மைக்கை அவர் பக்கம் தள்ளினேன்.

அவர் பேசவில்லை.

வானொலியில் மௌனத்தைப் போல் பயமுறுத்துவது எதுவுமில்லை. ஒரு சில நொடி போனாலே கேட்பவர்கள் நிலையம் நின்றுவிட்டதென்று வேறு பக்கம் திருப்பிவிடுவார்கள். பிரபா கண்ணாடிக்குப் பின்னாலிருந்து, பாட்டைப் போடட்டுமா என்று சைகை செய்தாள். வேண்டாமென்று தலையசைத்தேன். அறையில் அவருடைய மூச்சு மட்டும் கேட்டது. அது மைக்கிலும் போயிருக்கும்.

"ஸ்டான்லி பாட்டுல எப்பவும் கொஞ்சம் முன்னாடி வந்துடுவான்" என்று ஆரம்பித்தார்.

"டிரம்ஸ்காரன் நாலு எண்ணுவான். அவன் எண்ணி முடிக்கறதுக்குள்ள இவன் ஆரம்பிச்சுடுவான். பொறுமையே கெடையாது. நான் அவன் பின்னாடியே ஓடிப்போய்ப் புடிக்கணும். கேக்கறவங்களுக்குத் தெரியாது, நல்லா கீதுன்னு கை தட்டுவாங்க. நான் தாளத்துக்கு வாசிக்கவே இல்ல. அவனைப் புடிக்கத்தான் வாசிச்சேன்."

நிறுத்தினார். கஸ்தூரி அக்கா கதவிலிருந்து நிமிர்ந்தார்.

"இங்கேர்ந்து போகும்போதும் அப்படித்தான். சொல்லிக்கலாம்னு நான் பல்லாவரத்துக்குப் போறேன், வூடு பூட்டிக் கீது. முந்தின நாளே கெளம்பிட்டான். இப்பவும் அதையே பண்ணிட்டான். வேற இன்னா சொல்றது. ஷெரில், அம்மாவப் பாத்துக்கம்மா."

அவ்வளவுதான் பேசினார். நான் பிரபாவுக்குக் கை காட்டினேன். அந்தக் கேசட் பாட்டு ஓடியது. தட்டுச் சத்தத்துக்கும் குழந்தை அழுகைக்கும் நடுவே ஸ்டான்லி, தனசேகர் சார் சொன்ன மாதிரியே, டிரம்ஸ்காரர் எண்ணி முடிப்பதற்கு முன்னால் நுழைந்தார். அதை அதற்கு முன் நான் கவனித்ததே இல்லை. இளமையான, அவசரமான குரல். அதன் பின்னால் ஒரு கிட்டார் ஓடிவந்து சேர்ந்துகொண்டது. தனசேகர் சார் மேஜை மேல் வைத்த இடதுகை விரல்கள் மட்டும் மெல்ல அசைந்தன.

நிகழ்ச்சி முடிந்ததும் மார்ஜரி என் போனில் பேசினார். தனசேகரிடம் கொடுத்தேன். ஸ்பீக்கரில் போட்டதால் எங்களுக்கும் கேட்டது. "கல்யாணத்துலயும் அப்படித்தான் தனா. ஃபாதர் கேட்டு முடிக்கல, அதுக்குள்ள எஸ்ஸுன்னுட்டார்" என்று மார்ஜரி சொன்னார். இருவரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே இருந்தபோது தனசேகர் சார் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். கஸ்தூரி அக்கா போனை வாங்கிக்கொண்டு வெளியே நடந்தார்.

திரும்பி வரும்போது வண்டலூர் சிக்னலில் நின்றோம். தனசேகர் சார் ஜன்னல் பக்கம் பார்த்தபடி சொன்னார்: "நான் பின்னாடி பாடுவேனே, அந்த வரிக்கெல்லாம் அர்த்தம் இன்னான்னு அவனை ஒருநாள் கேக்கணும்னு இருந்தேன். வாரா வாரம் மறந்துபூடும்."

"நான் சொல்றேன் சார்" என்றேன்.

"வேணாம்மா" என்றார்.

இருப்பவர்களின் பெயர்

கஸ்தூரி அக்கா பயந்தது நடக்கவில்லை. செக்கப்பில் டாக்டர் திருப்தியாக இருந்தார். ஆனால் தனசேகர் சார் இப்போது என் நிகழ்ச்சியைக் கேட்பதில்லை. ஒருநாள் சேலையூர் மார்க்கெட்டில் அக்காவைப் பார்த்தேன். முருங்கைக்காயை வளைத்துப் பார்த்துக்கொண்டிருந்தவர், என்னைக் கண்டதும் கொஞ்சம் சங்கடப்பட்டார்.

"தப்பா நெனச்சுக்காதீங்க மைதிலி. ஞாயித்துக்கெழமை காலைல ரேடியோ போடறதில்ல. அந்த நேரத்துக்கு அவரைக் கோயிலுக்கு இட்டுனு போயிடறேன். வூட்ல இருந்தா போனையே பாக்கறாரு."

"நல்லதுக்கா" என்றேன். முழு மனதோடுதான் சொன்னேன். வீடு வந்து சேர்ந்த பிறகு கொஞ்ச நேரம் அழுதேன்.

நிகழ்ச்சி தொடர்கிறது. போன மாதம் வெளிநாட்டில் ஒரு பழைய ராக் குழுவின் டிரம்மர் இறந்தார். வழக்கம்போல உட்கார்ந்து அவர் பிறந்த ஊர், வாசித்த ஆல்பங்கள், வாங்கிய விருதுகள் எல்லாவற்றையும் எழுதினேன். எழுதி முடித்த பிறகும் எழுந்துகொள்ள முடியவில்லை. அந்தக் குழுவில் நான்கு பேர். மூவர் போய்விட்டார்கள். இன்னொருவர், கிட்டார் வாசிப்பவர், எங்கோ ஒரு கிராமத்தில் மனைவியோடு இருக்கிறார். இந்தச் செய்தியை அவரிடம் யார் போய்ச் சொல்லியிருப்பார்கள்? அவர் வீட்டு வாசலில் யார் கொக்கியில் கை வைத்துக்கொண்டு நின்றிருப்பார்கள்?

ஞாயிறன்று டிரம்மரின் பெயரைச் சொன்ன பிறகு, அந்தக் கிட்டார்க்காரரின் பெயரையும் சொன்னேன். அவர் இருக்கிறார் என்றேன். அதற்கு முன் எந்த அஞ்சலியிலும் நான் அப்படிச் சொன்னதில்லை. பிரபா கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். நான் பாட்டைப் போட்டேன்.